தலைகீழ் விரதமும் ஒரு கவளம் சோளமும்

1991-ம் வருடம், கார்த்திகை மாதம். பென்னலூரை ஒட்டி இருந்த ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் கேன்டீனில் நான் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் கம்பெனிகள்தான். அன்றைக்கு எங்கள் காம்பவுண்டு சுவரைத் தாண்டினால் நெல்வயல், அதைத் தாண்டினால் மழையில் நிரம்பி வழியும் ஏரி. அந்த அடுப்படியில் நான் ஆப்பிரிக்கச் சமையல் செய்தேன் என்றால் யாரும் சட்டென்று நம்புவதில்லை. நம்பவேண்டாம், கேளுங்கள், போதும்.

எத்தியோப்பியா நாட்டிலிருந்து ஒருவர் எங்களிடம் லேத் வேலை பழக வந்திருந்தார். அவருடைய ஊரில் பம்ப் பழுதானால் சரிசெய்ய ஆளே கிடையாதாம். ஒரு பாகம் உடைந்தால் ஊரே தண்ணீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டுமாம். அதனால் அந்தப் பாகங்களைக் கடைந்து செய்யக் கற்றுக்கொண்டு போக வந்தவர். நெடுநெடுவென்று உயரம். கேன்டீன் வாசலில் குனிந்துதான் நுழைவார்.

அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் லேத் பிரிவை மேற்பார்வை பார்த்த சார்ஜ்மேன். ஒரகடம் பக்கத்து விவசாயக் குடும்பம். வருஷா வருஷம் ஐயப்பனுக்கு மாலை போட்டு, ஆட்களைச் சேர்த்துச் சபரிமலைக்கு அழைத்துப் போகிறவர் என்பதால் கேட்டிலிருந்து கேன்டீன் வரை எல்லோருக்கும் அவர் 'குருசாமி'. அவரும் விருந்தாளியும் பேசிக்கொள்வதைப் பார்க்கவே நான் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வருவேன். "ஸ்டாப், ஸ்லோ, ஓகே, டேஞ்சர்" என்ற நாலைந்து இங்கிலீஷ் வார்த்தையிலேயே குடும்பக் கதை முழுக்கப் பேசிவிடுவார்கள்.

ஒருநாள் குருசாமி கறுப்பு வேட்டி பறக்க ஓடிவந்தார்.

"அக்கா, நம்ம விருந்தாளியும் விரதங்க்கா! கிறிஸ்மஸ் வரைக்கும் கறி, முட்டை ஒண்ணும் தொட மாட்டாராம். மூணு மணிக்கு மேலதான் சோறாம். நம்மளாட்டமே கீது பாரேன்!"

அவர் கிறிஸ்தவர். அவர்கள் சபையில் பண்டிகைக்கு முன்னால் அப்படி ஒரு நோன்பு உண்டாம். எனக்கு ஒரே உற்சாகம். வெளிநாட்டிலிருந்து வந்த மனிதர் நம் ஊரில் இருந்துகொண்டு விரதம் பிடிக்கிறார். அவருக்குச் சமைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டாமா? விரதம் என்றால் நமக்குத் தெரியாததா என்ன! வெங்காயம், பூண்டு எல்லாவற்றையும் விலக்கினேன். நெய் ஒழுக ஒழுகப் பொங்கல், பால் பாயசம், கட்டித் தயிர் என்று இலை நிறையப் பரிமாறினேன்.

அவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். வாழைப்பழத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் நெய்யை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அதற்கும் வாழைப்பழம்தான். அதற்கு மறுநாள் பால்கோவாவே கிண்டினேன். மாலை போட்டிருந்த ஆட்கள் எல்லாம் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "சாமி, சாப்புடு சாமி, சுத்தமான நெய்யி சாமி" என்று கெஞ்சினார்கள். மனிதர் கை கூப்பினாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

இப்படியே போய், ஒருநாள் லேத் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தலை சுற்றிவிட்டது. குருசாமி சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கை உள்ளே போயிருக்கும். விஷயம் பயிற்சி அதிகாரிக்குப் போனது. நல்ல மனிதர்தான், ஆனால் ஆபத்து என்றால் பயப்படுவார். நேராகக் கேன்டீனுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, அவர் சாப்பிடறதே இல்லையாமே? இந்த நிலைமையில மிஷின் பக்கம் விடமுடியாது. திங்கட்கிழமைக்குள்ள சாப்பிட்டுத் தெளிஞ்சா சரி. இல்லேன்னா ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிடுவேன். ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அவர் போனதும் குருசாமி அடுப்புப் பக்கம் குந்தி உட்கார்ந்துவிட்டார். "பாதி வேலைதான்க்கா கத்துகினு கீறாரு. இப்ப அனுப்பிட்டா அந்த ஊரு தண்ணிக்கு இன்னா பண்ணும்?"

ஒரு ஊரின் தண்ணீர் என் சோற்றுச் சட்டியில் வந்து மாட்டிக்கொண்டதே!

அன்று மூன்று மணிக்கு விருந்தாளியைக் கையோடு அடுப்படிக்குள்ளேயே கூட்டி வரச் சொன்னேன். 'எது வேணும், எது வேணாம், காட்டுங்க' என்று ஜாடை செய்தேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். நெய் டின் மேல் பசுமாட்டுப் படம் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். இரண்டு விரல்களைத் தலைமேல் கொம்பு மாதிரி வைத்துக்கொண்டு, "ம்மா..." என்று கத்திவிட்டு, கும்பிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அடுத்தது பால் அண்டா. மறுபடி கொம்பு, மறுபடி "ம்மா". தயிர்ப் பானைக்கும் கொம்பு. பால்கோவாத் தட்டுக்கும் கொம்பு. மாட்டிலிருந்து வந்தது எதுவுமே ஆகாது! அதன் பிறகு மூலையில் இருந்த வெங்காய மூட்டையிடம் போய், தொலைந்துபோன தம்பியைப் பார்த்தவர் மாதிரி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பாத்திரம் தேய்க்கிறவர்கள்வரை எல்லோரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டோம். குருசாமிதான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா இது, தலைகீழ் விரதமா கீதே! நம்மளுக்கு வெங்காயம் ஆவாது, அவருக்கு நெய்யி ஆவாது!"

மரியாதை, மரியாதை என்று நான் ஊற்றியதெல்லாம் அவர் நோன்பையே கெடுக்கிற பண்டம்! வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் பூட்டு திறந்துவிட்டது, பாருங்கள். அந்த நிமிஷம் எனக்கு வந்த வேகம் இருக்கிறதே!

மசாலா டப்பாக்களை எல்லாம் இறக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஒவ்வொன்றாக மூக்குக்கு நேராக நீட்டினேன். கொத்தமல்லி விதைக்குத் தலையாட்டினார். வெந்தயம், சரி. ஓமத்துக்கு முகமே மலர்ந்தது. ஏலக்காய், கிராம்பு, சுக்கு, எல்லாம் சரி. பெருங்காயத்தைக் காட்டியதும் யாரோ அடித்தது மாதிரி பின்னால் போனார். மிளகாய் வற்றலை ஒரு பிடி எடுத்தேன். இன்னும் என்றார். இன்னொரு பிடி எடுத்தேன். இன்னும் என்றார். எங்களைவிடக் காரம் தின்கிறவர்கள் உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தக் கர்வம் அன்றோடு போயிற்று. வாணலியில் வறுத்துப் பொடித்ததும் கேன்டீன் முழுக்கத் தும்மல். அவர் மட்டும் நெடுமூச்சு இழுத்து, நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றார். வீட்டு வாசனை வந்துவிட்டது போலும்.

சரி, எதில் கலப்பது? அரிசிப் பானையைக் காட்டினேன், வேண்டாம் என்றார். மேடைமேல் சிந்தியிருந்த மாவில் விரலால் நீளமாக ஒரு பயிர்த்தண்டை வரைந்து, அதன் தலையில் குண்டு குண்டாக மணிகள் போட்டார். குருசாமி எட்டிப் பார்த்தார்.

"சோளங்க்கா இது! வெள்ளைச் சோளம். எங்க வூட்டு மேட்டுக் கொல்லையில போட்டது ஒரு மூட்டை கீது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா அத்தப் போயி கம்பெனிக்குள்ள எப்டிக்கா எடுத்துகினு வர்றது? கோழிக்கு வாரிப் போடறத விருந்தாளிக்குப் போட்டாங்கன்னு சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும். நீங்க கொண்டாங்க" என்றேன்.

சொன்னது மாதிரியே மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். கேட்டிலேயே கேலி ஆரம்பித்துவிட்டது. "இன்னா குருசாமி, கேன்டீன்ல கோழி வளக்கப் போறீங்களா?" "அக்கா, இன்னிக்குச் சோளம், நாளைக்கு வைக்கோலா?" நான் காதில் வாங்கவில்லை. சோளத்தை நன்றாக ஊறவிட்டு வேகவைத்தேன். இடிக்காத முழுச் சோளம் நம் அவசரத்துக்கு வேகுமா? கிளறிக் கிளறிக் கை ஓய்ந்தது. கூழாகக் குழைத்துவிடத்தான் கை துடித்தது. அவர் ஒரு மணியை எடுத்துக் கடித்துக் காட்டினார்: பல்லில் பட்டால் மெத்தென்று இருக்கவேண்டும், ஆனால் உடையக்கூடாது. வடித்துத் தட்டில் பரப்பினோம். அது ஆறிக்கொண்டே வந்தது. ஆறிப்போனதை ஒரு மனிதருக்குப் போடுவதா என்று எனக்கு மனசே வரவில்லை. மறுபடி அடுப்பில் ஏற்றப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டார். அதன் பக்குவமே அதுதானாம்.

நன்றாக ஆறியதும் வேகவைத்த காராமணி, பொடியாக அரிந்த வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாய், நசுக்கிய பூண்டு, கொத்தமல்லித் தழை எல்லாம் சேர்த்தோம். எலுமிச்சம்பழம் பிழிந்து, பச்சை நல்லெண்ணெய் ஊற்றி, அந்தச் செக்கச்சிவந்த பொடியைத் தூவிப் புரட்டினோம். வெள்ளை மணிகளெல்லாம் சிவந்து பளபளவென்று மின்னின. எனக்கே நாக்கில் நீர் ஊறியது.

மூன்று மணி, ஷிப்ட் மாறுகிற நேரம். போகிற கூட்டமும் வருகிற கூட்டமும் கேன்டீனில் நிறைந்திருந்தது. அவர் சாப்பிடுவாரா என்று பார்க்க எல்லோரும் சுற்றி நின்றுவிட்டார்கள். பயிற்சி அதிகாரியும் வந்தார். தட்டைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"என்னம்மா, வெறும் சோளத்தைப் போட்டிருக்கே? உடம்புக்குத் தெம்பு வேண்டாமா?" என்றவர், மற்றவர்களுக்குப் பரிமாறக் காய்ச்சி வைத்திருந்த நெய்க் கிண்ணத்திலிருந்து கரண்டி நிறைய மொண்டு தட்டுக்கு நேராகக் கொண்டுபோய்விட்டார்!

"சார்! சார்! ஸ்டாப்! டேஞ்சர்!" என்று குருசாமி அலறினார்.

கரண்டி சாய்ந்துவிட்டது. யோசிக்க எங்கே நேரம்? வலது கையைத் தட்டுக்குமேல் விரித்துவிட்டேன். சுடுநெய் முழுக்க என் உள்ளங்கையில். உயிர் போகிற எரிச்சல். இடது கையால் தட்டை நகர்த்திவிட்டுத்தான் "ஐயோ" என்றேன். சோளத்தில் ஒரு சொட்டு விழவில்லை.

குருசாமி மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னதும் அதிகாரி கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். விருந்தாளி எழுந்து நின்றார். என் கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். சாப்பிட உட்காருவார் என்று நினைத்தேன். அவரோ சோளத்தில் ஒரு கவளம் அள்ளி, என் வாய்க்கு நேராக நீட்டினார்.

அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில், கல்யாணம் ஆன ஒரு பெண்ணுக்கு அந்நிய ஆண் ஊட்டுவதா? கையில் வாங்கிக்கொள்ளலாம் என்றால், வலது கை முழுக்க நெய். அந்த நெய்யில் பட்டால் அவருக்கு ஆகாது. இடது கையை நீட்டவோ எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் கை அப்படியே நின்றது. கண்ணில் அத்தனை மரியாதை.

வாயைத் திறந்துவிட்டேன்.

அடேயப்பா! புளிப்பும் காரமும் ஓமத்தின் வாசமும், மணி மணியாக மெத்தென்று கடிபடுகிற சோளமும்! "சாமியே சரணம்!" என்று குருசாமி கத்த, விசில் பறந்தது. "அக்கா, கண்ணுல தண்ணி கையாலயா காரத்தாலயா?" என்று ஒருவன் கேட்டான். இரண்டாலும்தான்.

மதிப்பானவருக்கு முதல் கவளத்தை ஊட்டிவிடுவது அவர்கள் ஊர் வழக்கம் என்று பிறகு குருசாமி கேட்டுச் சொன்னார். அதன் பிறகு மனிதர் உட்கார்ந்தார் பாருங்கள், தட்டு இரண்டு முறை காலியாயிற்று. மாலை போட்ட சாமிகளும் வெங்காயம், பூண்டு இல்லாமல் தனியாகக் கலந்து தரச் சொல்லிச் சண்டை போட்டார்கள். திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் அவரைப் பார்த்துச் சரி என்றார். அதிகாரியே கூட்டிக்கொண்டுபோய் லேத் முன்னால் நிறுத்தினார். வேலை முழுக்கக் கற்றுக்கொண்டு, தன் கையால் கடைந்த பம்ப் பாகத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் அவர் ஊருக்குப் போனார்.

அள்ளி அள்ளிப் போடுவது எனக்கு அதற்கு முன்பே தெரியும். ஒருவர் தன் வழக்கப்படி அன்பாக நீட்டுவதைக் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளத் தெரிந்தது அன்றைக்குத்தான், அதனால் இன்றும் யார் ஒரு வாய் நீட்டினாலும் நான் நழுவுவதில்லை.