கபாசா தேய்த்த உள்துணிகள்

எங்கள் ஊரான மான்சாவின் சந்தையில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கும் கபாசாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பிரசவத்தில் அவன் மனைவி சன்சா போய்ச் சேர்ந்தாள். கையில் பச்சைக் குழந்தை பூபே. எங்கள் வழக்கப்படி குழந்தை தாயின் குடும்பத்துக்குத்தான். சன்சாவின் அம்மா கிராமத்திலிருந்து வந்து, அடுத்த வீடான என் வீட்டில் தங்கினாள். துக்கம் கழிந்ததும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போவதாகச் சொன்னாள். கபாசா ஆடிப்போனான். அவனுக்கென்று இருந்தது அந்த ஒரு உயிர்தான்.

நேரில் கெஞ்சவும் வழியில்லை. மாப்பிள்ளையை வீட்டுக்குள் அழைக்கும் விருந்து நடக்கும்வரை மாமியார் முகத்தைப் பார்க்கக் கூடாது, நேராகப் பேசக் கூடாது. அந்த விருந்து நடப்பதற்குள்தான் சன்சா போய்விட்டாளே! வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். என்ன வழக்கமோ, போங்கள்!

அதனால் பிள்ளையை வளர்த்தே காட்டுவது என்று முடிவு செய்தான். குழந்தைக்குக் கட்டும் அரைத்துணிக்குள் ஈரம் உறிஞ்ச வைக்கும் உள்துணிக்காகச் சந்தையில் பழைய துணி மூட்டைகளைக் கிளறினான். தண்ணீர் விட்டுப் பார்த்து, கன்னத்தில் ஒற்றிப் பார்த்து, ஃபிளானல் சட்டைகளாகப் பொறுக்கினான்.

“துணி வாங்குறியா, பொண்ணு பாக்குறியாடா?” என்று சீண்டினேன்.

“டவல் துணி லேசுல காயாதுக்கா. இதுன்னா விரிச்சுப் போட்டா சட்டுனு காஞ்சிரும்.”

ஈரத்துணியில் முட்டையிடும் ஈ எங்கள் ஊரில் ஏராளம். புழு பொரிந்து தோலுக்குள் புகுந்துவிடும். அதனால் ஒவ்வொரு துணியையும் விரித்து, சூட்டில் முட்டை சாகும்படி கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் இரண்டு பக்கமும் தேய்த்த பிறகுதான் மடிப்பான்.

அவன் கடைக்குப் போனால் பூபே எங்களிடம். தூக்கத்தில் நனைந்து அழுகிறதே என்று சன்சாவின் அம்மா துணிகளை மூன்று மூன்றாக அடுக்கி, சுற்றிலும் தைத்து, மெத்தென்று உள்துணிகள் செய்தாள். துவைத்து, மாமரத்தடியில் உலர்த்தி, தேய்க்கவும் செய்தாள்.

சில நாளில் பூபேயின் இடுப்பில் கட்டிகள். ஒன்றின் நுனியில் ஏதோ நெளிந்தது.

“ஆம்பளை புள்ள வளக்குற லட்சணத்தப் பாரு! நாளைக்கே தூக்கிட்டுப் போறேன்!” என்று சன்சாவின் அம்மா வேலியைப் பார்த்துக் கத்தினாள்.

கபாசா ஓடி வந்தான். அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அவன் கட்டிகளில் களிம்பை அப்பி, மூச்சு முட்டிப் புழு தலைநீட்டியதும் பிதுக்கி எடுத்தான். குழந்தை வீறிட்டது. பிறகு, தேய்த்து வைத்திருந்த உள்துணி ஒன்றை எடுத்துத் தையலைப் பிரித்தான். நடுத்துணி இன்னும் ஈரம்.

எனக்கு அவள்மேல் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “இப்பக் கேளேன்டா நாலு கேள்வி!”

அவன் குழந்தையைப் பார்த்துத்தான் பேசினான். “பூபே, நீ நனையக் கூடாதுன்னு ஆசையா தச்சதும்மா இது. நடுவுல சூடு எட்டல. யார் மேலயும் தப்பில்ல.”

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றான்.

சன்சாவின் அம்மா பிரித்துக் கிடந்த உள்துணியை எடுத்து, நடுத்துணியின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் மடியிலிருந்து பூபேயை வாங்கிக்கொண்டாள்.

“பூபே, உங்கப்பன்கிட்ட சொல்லு. என் மவ போனதுக்கப்புறம் எனக்குன்னு இருந்தது நீ ஒருத்திதான். ஆனாலும் நான் தனியாவே போறேன்னு சொல்லு.”

முற்றத்துப் பாயில் குழந்தையைக் கிடத்திவிட்டு விலகிப்போய் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அவன் வந்து தூக்கிக்கொள்ளும்வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.