ஏழாம் வட்டத்து ராணி

பழைய பாட்டுச் சேனல் என்று யாராவது வாயெடுத்தாலே நிதாலுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜோர்டானின் அம்மான் நகரத்தில் இப்போது எங்கே போனாலும் இதே புலம்பல்தான். அந்தக் காலத்துப் பாட்டு, அந்தக் காலத்து ஆட்டம், நடுராத்திரியில் திரைக்கு அடியில் ஓடிய குறுஞ்செய்தி வரி, ஆஹா, என்ன நாட்கள்! என்ன நாட்கள், மண்ணாங்கட்டி. அந்த வரியைக் கண் எரிய எரியப் படித்துச் சலித்தவள் அவள். ஊரிலுள்ள ஆம்பிளைகளின் வழிசலையெல்லாம் விடிய விடியத் துடைத்துப் போட்டவளுக்கல்லவா தெரியும் அதன் லட்சணம்!

இருபது வருடத்துக்கு முன்னால், வஹ்தாத் அகதி முகாமிலிருந்து, ஒரு நாற்காலிக் கடையின் மாடியிலிருந்த அந்தச் சேனல் ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். நான்கு பெண்கள், நான்கு கணினிகள். பார்க்கிறவர்கள் போனில் அனுப்புகிற செய்தியைப் படிக்க வேண்டும். ஒன்று திரைக்கு விட வேண்டும், இல்லை அழிக்க வேண்டும். கெட்ட வார்த்தை, அரசியல், சாவு, அழுகை எதுவும் வரியில் வரக்கூடாது. செய்தி வராமல் வரி காய்ந்து கிடந்தால் தாங்களே பொய்ப்பெயரில் எழுதி ஓட்ட வேண்டும். நிதால் உண்டாக்கிய பெயர்களில் ஒன்று 'ஏழாம் வட்டத்து ராணி'. ஏழாம் வட்டம் பணக்காரர்கள் இருக்கும் பக்கம். அந்தப் பெயரைப் பார்த்தால் பையன்கள் விழுந்தடித்துக்கொண்டு பதில் போடுவார்கள் என்று அவள் போட்ட கணக்கு தப்பவில்லை.

விழுந்தவர்களில் ஒருவன் 'ஸர்கா ஓநாய்'. ஸர்கா ஊரில் கார்ப் பட்டறையில் பற்றவைக்கிறவன். ராணி ஒரு வரி எழுதினால் ஓநாய் பத்து வரி ஊளையிடும்.

நிதாலைப் பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளை ஃபவ்வாஸ் சிரித்துக்கொண்டே, "எனக்கு ஸர்கா ஓநாய்னு ஒரு பட்டப்பேரு உண்டு" என்று ஆரம்பித்தபோது, காப்பித் தட்டோடு நின்றவளுக்கு ஆள் யாரென்று தெரிந்துபோயிற்று. பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டெலிபோன் வேலை என்று அவள் வீட்டார் சொல்லியிருந்தார்கள். பாட்டுச் சேனல் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் அந்த நிமிஷமே எழுந்து போயிருப்பார்கள். வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய் மூடியதுதான். மகன் லைத் பிறந்தான். ஊர் வழக்கப்படி அவள் 'உம் லைத்', லைத்தின் அம்மா, ஆனாள்; அவன் 'அபூ லைத்', லைத்தின் அப்பா, ஆனான். ஆனால் அந்த ராணி மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை.

விருந்தாளி வந்தால் போதும், ஃபவ்வாஸ் அந்தக் கதையை எடுத்துவிடுவான். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த ராத்திரி. சேனலுக்குச் செய்தி அனுப்பினான், திரையில் வரவில்லை. மறுபடி மறுபடி அனுப்பினான், வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் ராணியின் வரி ஓடியது: 'ஸர்கா ஓநாயே, இன்று நீ தனியாக இல்லை. நானும் விழித்திருக்கிறேன்.'

"நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வான். "அப்படி ஒரு மனசு இனிமே எவளுக்கு வரும்?"

எவளுக்கு வருமாம்! பக்கத்தில் காப்பி ஊற்றிக்கொண்டு நிற்கிறவள் என்ன மரக்கட்டையா? தான் பெற்றெடுத்த பேயே தனக்குச் சக்களத்தியாக வந்து உட்கார்ந்த கொடுமையை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மன்ஸஃப் என்கிற தயிர்க்குழம்புக் கறிச்சோற்றுத் தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஃபவ்வாஸின் அக்கா ஹியாமும் வந்திருந்தாள். அவன் மீசைக்கு மை போட்டு, சட்டை முழுக்க அத்தர் பூசியிருந்தான்.

"பேஸ்புக்ல பழைய சேனல் குரூப்புல கேட்டுப் போட்டிருந்தேன்ல? ராணி பதில் போட்டுட்டா" என்றான். "நாலு மணிக்கு ஏழாம் வட்டத்துல காப்பி குடிக்கக் கூப்பிட்டிருக்கா."

நிதாலின் கையிலிருந்த சோற்று உருண்டை தாம்பாளத்திலேயே விழுந்தது. "யாரு?"

"ராணி. அவளேதான்."

"போய்ட்டு வரட்டுமே உம் லைத்" என்றாள் ஹியாம், எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "பெரிய இடத்துப் பொண்ணு. ஒரு காப்பி குடிச்சா உன் வீட்டுக் கூரையா பறந்துடும்?"

"பெரிய இடமா? அண்ணி, அந்த ராணி பொறந்ததே நாற்காலிக் கடை மாடியில. கால்ல கிழிஞ்ச செருப்பு. அவளுக்குப் பெத்த தாய் நான்! பேஸ்புக்ல பதில் போட்டவ எவளோ போலி!"

ஃபவ்வாஸ் சிரித்தான். "பொறாமையில பெனாத்துறா பாரு அக்கா." எழுந்து ஆணியிலிருந்து கார்ச் சாவியை எடுத்தான்.

அந்தச் சிரிப்பில் நிதாலுக்கு எல்லாம் அறுந்துபோயிற்று. மானமாவது, மதினியாவது!

"'இன்று என் அப்பா இறந்துவிட்டார்'" என்றாள், திரையில் படிப்பதுபோல. "'ஆட்டம் இல்லாத பாட்டு ஏதாவது ஒன்று போடுங்கள்.' இதானே அனுப்புன? மூணு தடவை. மூணாவது தடவை 'தயவுசெய்து'ன்னு சேர்த்திருந்த."

சாவி அவன் கையிலேயே நின்றது. செய்தி அனுப்பியதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். அதில் என்ன எழுதினான் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை.

"உனக்கு எப்படி..."

"சாவுச் சேதி வரியில வரக்கூடாதுன்னு சட்டம். நான்தான் அழிச்சேன். மூணையும் படிச்சேன், மூணையும் அழிச்சேன்."

"அப்போ ஆஸ்பத்திரி வேலைன்னது?" என்று ஹியாம் நெஞ்சில் கை வைத்தாள். "அட பாவி, எங்கம்மாவ ஏமாத்திட்டியே!"

"நீ சும்மா இரு அக்கா!" ஃபவ்வாஸின் முகம் கறுத்துப்போயிருந்தது. "எங்கப்பா செத்த சேதிய அழிச்சியா நீ? நெட்வொர்க் சரியில்லன்னு இருபது வருஷமா அந்த போன் கம்பெனிக்காரன திட்டிக்கிட்டு இருக்கேன். எங்கப்பாவ அழிச்சுட்டு என்கூடவே உக்காந்து சோறு திங்கிறியா?"

பாவி மனுஷன், சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கியிருக்கிறான். ராணி யார் என்று இன்னும் அவனுக்கு உறைக்கவில்லையா?

உறைக்கத்தான் செய்தது. வேறு குரலில் கேட்டான். "அந்தப் பதில். தனியா இல்லன்னு வந்துச்சே. அது எழுதச் சொல்லி எழுதினதா?"

"மத்ததெல்லாம் சம்பளத்துக்கு எழுதினது. கண்ணு, நெலா, ரோஜா, எல்லாம் குப்பை" என்றாள். "அது ஒண்ணுதான் நானா எழுதினது."

ஹியாம் எலும்பைக் கீழே வைத்துவிட்டாள். ஃபவ்வாஸ் மணியைப் பார்த்தான். மூன்றரை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து, தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தான்.

"எங்கப்பா சேதிய அழிச்சத நான் மன்னிக்க மாட்டேன்."

"மன்னிக்காத. யாரு கேட்டா?" என்று சொல்லி, ஆறிப்போன சோற்றின்மேல் அவன் பக்கமாகச் சூடான தயிர்க்குழம்பை ஊற்றினாள் நிதால்.