ரிஜிஸ்டரில் கிடந்த பெருவிரல்

“வீரணன்னு ஒரு ஆளே எங்க ரிஜிஸ்டர்ல இல்ல” என்று சம்பத்குமார் சொல்லிப் பதினாலு வருசம் ஆகிறது. சொல்லிவிட்டுப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். அதுவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறக்கக் கூடாது என்றே வைத்திருக்கிறேன்.

வீரணன் என் அக்கா பெத்தம்மாளின் புருசன். சேத்தூர்க்காரர். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லில் அவரைப் பதலி ஆளாகச் சேர்த்துவிட்டவன் நான்தான். பதலி என்றால், அன்றைக்கு வேலைக்கு வராதவனுக்குப் பதிலாக உள்ளே போகிறவன். கேட்டில் காத்து நிற்க வேண்டும், பேரைக் கூப்பிட்டால் ஓட வேண்டும். வருசத்தில் இருநூற்று நாற்பது நாள் முடித்துவிட்டால் நிரந்தரம் கேட்பான் என்று இருநூற்று முப்பதிலேயே பேரை அடித்துவிடுவார்கள். மறுநாள் அதே ஆள் தம்பி பேரில் வரலாம், மச்சான் பேரில் வரலாம். லேபர் ஆபீசர் சம்பத்குமாரின் ஏற்பாடு அது. மில்லுக்குள் எல்லாருக்கும் தெரியும்.

“தம்பி பேருல எப்பிடி மாப்ள கைநாட்டு வைக்க?” என்று வீரணன் தயங்கினார்.

“பேருதான மச்சான். உங்க கையையா வெட்டிக் கேக்கான்?” என்றேன். அந்த வாயை இன்றைக்கும் செருப்பால் அடிக்கலாம்.

தம்பி மாரிச்சாமியின் பேரில் உள்ளே போன நாலாம் மாதம், பஞ்சைச் சீவுகிற கார்டிங் மிஷின் அவரது இடது கையை இழுத்தது. பெருவிரலும் பக்கத்து இரண்டு விரலும் போயின. நியாயம் கேட்கப் போனோம். சம்பத்குமார், வயலில் கிடந்த மாரிச்சாமியை ஆள் அனுப்பி வரவழைத்து, எங்கள் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொன்னார். “எங்க ஆளு மாரிச்சாமி. ரெண்டு கையும் நல்லாத்தான இருக்கு?” அதற்குப் பிறகுதான் நான் முதலில் எழுதிய அந்த வார்த்தை.

அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு சைக்கிள் கடை போட்டேன். கேஸும் போட்டோம். அந்த வருசத்து ரிஜிஸ்டரைக் கரையான் தின்றுவிட்டது என்று மில்லில் எழுதிக் கொடுத்தார்கள். கேஸ் மதுரை லேபர் கோர்ட்டில் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் எழுத வந்தது வீரணன் மகள் சுடலைமாடத்தியைப் பற்றி. அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. அப்பாவுக்குச் சட்டைப் பித்தான் மாட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். ஒன்பதாவதில் ஒருத்தி அவள் நோட்டைக் கிழித்துவிட்டாள். மூன்று வருசம் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி ஒரு பிறவி. காலேஜில் பேரைச் சொல்லிக் கேலி செய்தார்கள். மறுநாளிலிருந்து நோட்டு அட்டையில் பேரை இன்னும் பெரிதாக எழுதினாள்.

எண்பத்தொன்பதில் பி.காம். முடித்தாள். இரண்டு மாதத்தில் வேலைவாய்ப்பு ஆபீஸ் வழியாக இன்டர்வியூ கார்டு வந்தது. அதே மில். ஆள் வருகைக் கணக்கு எழுதுகிற டைம் ஆபீஸில் கிளார்க் வேலை. வியாழக்கிழமை பத்து மணிக்கு வரவும்.

நான் கார்டை வாங்கிக் கிழிக்கப் போனேன். அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

“இவன் ஒருத்தன். புள்ள படிச்சது அடுப்பூதவா?”

“அந்த ஆளு முன்னால போயி இவ கைகட்டி நிக்கணுமாக்கும்?” என்றேன். “ஏட்டி, போறதா இருந்தா ஒண்ணு செய்யி. உள்ள போயி மூஞ்சியில துப்பிட்டு வந்துரு.”

“துப்புனா தொடச்சிக்கிடுவாரு மாமா. செத்த நேரம் சும்மா இருக்கியளா?”

வீரணன் விரல் போன கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் போன பக்கமே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் கார்டு அரிசி டப்பா மேலேயே கிடந்தது. போகவில்லை என்று அவளும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தாள். நான் ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“மாமா, அப்பா பேரு அவிய ரிஜிஸ்டர்ல இல்லேன்னுதான சொன்னாரு?”

“அதுக்கென்ன இப்போ?”

“அவருக்கு மாரிச்சாமியத்தான தெரியும். வீரணன் மக வந்து நின்னா யாருன்னு தெரியும்?”

என் கையிலிருந்த டியூபில் பசை காய்ந்துபோனது.

“எட்டு வருசம் ஆச்சு. வந்து போறவன் அம்புட்டு பேரையும் ஞாபகம் வச்சிருப்பாரா? கேஸையும் மில்லு வக்கீல்தான பாக்காரு” என்றாள். “மறந்திருக்கணும். மறக்காம இருந்தார்னா வாசல்லயே வெரட்டிருவாரு. போயித்தான் பாக்கணும்.”

மறுநாள் நான் மில்லுக்கு எதிரே டீக்கடையில் நின்றேன். இரண்டு மணி நேரம். ஆறு டீ. வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்த பிறகுதான் பேசினாள்.

“அப்ளிகேஷன்ல தகப்பனார் பேரு வீரணன்னு கொட்டை எழுத்துல எழுதிக் குடுத்தேன் மாமா. வாசிச்சாரு. அப்பா என்ன பண்றார்னு கேட்டாரு. கை சரியில்ல சார், வீட்டுல இருக்காருன்னேன்.”

“என்னட்டி சொன்னான்?”

“ஐயோ பாவம்னாரு.”



வேலை கிடைத்தது. வேலைக்குப் போன அன்றே சம்பத்குமார் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தாராம். இருநூற்று முப்பதை நெருங்குகிற பதலி ஆட்களின் பட்டியல். பேரை அடிக்க வேண்டியது அவள் கை. அதையும் செய்தாள். ராத்திரி சோறு இறங்கவில்லை என்று அக்கா சொன்னாள். எட்டு மாதம் அப்படி. “விட்டுரு தாயி” என்று நானே சொன்னேன். அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, சைக்கிளை நிறுத்தாமலேயே சொன்னாள்:

“கரையான் தின்னல மாமா. டைம் ஆபீஸ் பரண்ல மூணாவது கட்டு. மாரிச்சாமி பேருக்கு நேரா நாலு மாசக் கைநாட்டு. சித்தப்பா கையெழுத்துப் போடுறவரு, கைநாட்டா வைப்பாரு? அப்பாவோட போன பெருவிரல் அங்க இருக்கு.”

ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் பாஷ்யம் அதுவரை கட்டணம் இல்லாமல் எங்கள் கேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். கேட்டதும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். கோர்ட் உத்தரவோடு போன ஆள் நேராகப் பரணில் மூன்றாவது கட்டின் மேல் கை வைத்தார். விபத்துக்கு முன்னால் வீரணன் எழுதிக் கொடுத்த நிலப்பத்திரத்திலும் இடது பெருவிரல் ரேகை இருந்தது. இரண்டும் ஒன்று.

கோர்ட்டில் ரிஜிஸ்டரை அடையாளம் சொல்ல டைம் ஆபீஸ் கிளார்க்கைக் கூப்பிட்டார்கள். தகப்பனார் பேர் கேட்டார்கள். “வீரணன்” என்றாள், மதுரை முழுக்கக் கேட்கிற மாதிரி. சம்பத்குமாரை நான் பார்த்தேன். பார்க்கத்தானே போயிருந்தேன்.  பேனாவைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

வீரணன் மில் தொழிலாளிதான் என்று தீர்ப்பு வந்தது. தாளை அவர் வலது கையால் வாங்கினார். சம்பத்குமாரை மில் வேலையைவிட்டு அனுப்பியது. அதே மாதம் மாடத்தியையும் அனுப்பியது. அவள் அதற்கு அழவில்லை. போன வருசம் வீரணன் செத்தபோதுதான் அழுதாள். சம்பத்குமார் கடைசிவரை ஒரு வார்த்தை வந்து சொல்லவில்லை.

போன வாரம் திருப்பூரில் வேலை கிடைத்துப் புறப்பட்டாள். பஸ் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊருக்குக் கடிதம் போடு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று நான் ஏதோ உளறிக்கொண்டிருந்தேன்.

“மாமா, ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல சம்பத்குமாரு அவரு வீட்டு வாசல்ல நின்னு எல்லாருக்கும் மோர் குடுப்பாராம். நீங்க போங்க. மோர் வாங்காதிய. ‘நீங்க யாரு’ன்னு அவருகிட்ட கேளுங்க. பேரச் சொல்லுவாரு. அப்பிடி ஒரு ஆளே எங்க ரிஜிஸ்டர்ல இல்லேன்னு, கூட்டத்துக்குக் கேக்குற மாதிரி சொல்லிட்டு வாங்க.”