ஸ்கேன் படத்துக்கு ஒரு பிரிண்டர்

பீரோவைத் திறக்கும்போதெல்லாம் என் கை நேராக அடித்தட்டுக்குத்தான் போகும். உள்ளே, பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒரு ஸ்கேன் படம் இருக்கிறது. ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோன எங்கள் குழந்தையின் படம். உள்ளங்கை அளவு பளபளப்புத் தாள். அதில் பக்கவாட்டில் நெற்றி, மூக்கு, தாடை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் போன முறையைவிடக் கொஞ்சம் வெளுத்திருப்பதாகத் தோன்றும். உண்மையிலேயே வெளுத்ததா, என் பயமா, தெரியாது. வேறு படம் கிடையாது.

முதலில் இரண்டு இருந்தன. ஒன்றை என் வீட்டுக்காரர் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் லேமினேஷன் போடக் கொண்டுபோனார். எங்கள் ஊரில் ரேஷன் கார்டோ மார்க் ஷீட்டோ, முக்கியமான தாள் என்றால் பிளாஸ்டிக்கில் ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஸ்கேன் தாள் சூட்டில் படம் விழுகிற தாள், மறுபடி சூடுபட்டால் முழுதும் கறுத்துவிடும் என்பது அவருக்கும் தெரியவில்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. மெஷினின் ஒரு பக்கம் குழந்தை போனது. மறுபக்கம் கரித்துண்டாய் ஒரு கறுப்புத் தாள் வந்தது. "புள்ளைய ரெண்டாந்தரம் சாகடிச்சிட்டீங்க" என்று கத்தினேன். சொல்லியிருக்கக் கூடாது. அதன்பிறகு நான் பார்க்க அவர் அந்தப் பீரோவைத் தொட்டதில்லை, குழந்தையைப் பற்றிப் பேசியதும் இல்லை. மறந்துவிட்டார், ஆண்களுக்கு எல்லாம் சுலபம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

மிச்சமிருந்த படத்தைப் போனில் எடுத்துப் பார்த்தேன். தாளின் பளபளப்பில் ட்யூப் லைட்டும் என் கை நிழலும்தான் விழுந்தன. ஸ்டூடியோவில் கொடுக்கலாம். ஆனால் எந்த மெஷினுக்குள் விடுவார்களோ! ஸ்கேனரும் சேர்ந்த பிரிண்டர் ஒன்றை வீட்டுக்கே வாங்கிவிடலாம் என்றேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ் பிடித்து விழுப்புரம் போனோம்.

கடையில் இருந்த பெண் ஒரு கிளியின் படத்தை அடித்துக் காட்டினாள். பச்சையும் சிவப்பும் கண்ணைப் பறித்தன. எனக்குக் கிளி எதற்கு? "கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு போட்டுக் காட்டுமா" என்றேன். நாலு கலர் மை ஊற்றுகிற மெஷினில் வந்த முகத்தில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. பிணத்தின் நிறம். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதே படத்தை ஆறு கலர் மெஷினில் போட்டாள். சாம்பல் சாம்பலாகவே வந்தது.

"எத்தினி வருசம்மா நிக்கும்?"

"வெயில் படாம ஆல்பத்துல வெச்சீங்கன்னா ரொம்ப வருசம் வரும்க்கா. மெஷின மட்டும் சும்மா போட்டுடாதீங்க, மை காஞ்சி அடைச்சிக்கும். வாரத்துக்கு ஒரு போட்டோவாச்சும் போட்டுக்கினே இருங்க. யார் போட்டோக்கா, வீட்டுப் பெரியவங்களா?"

"இல்லமா" என்றேன். "இதையே குடுங்க" என்று அவர் முந்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மை ஊற்றி எல்லாம் தயாராக வைத்தோம். ஸ்கேனர் கண்ணாடியைப் பார்த்ததும் பழைய பயம் வந்துவிட்டது. அந்த விளக்கும் சுட்டால்? முதலில் என் கையை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் உள்ளங்கைக்கு அடியில் நகர்ந்தது. சுடவில்லை. நம்பாமல் மறுபடியும் வைத்தேன். மூன்றாம் தடவையும் வைத்தபோது, "போதும், படத்த வையி" என்றார். கவிழ்த்து வைத்து மூடியை இறக்கினேன். வெளிச்சம் ஓடி முடிகிறவரை மூச்சே விடவில்லை. எடுத்துப் பார்த்தால் படம் அப்படியே இருந்தது.

பிரிண்ட் பட்டனை அழுத்திவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கறுப்பாக வந்தால்? பச்சையாக வந்தால்? மெஷின் கரகரவென்று தாளை இழுத்தது.

"நெத்தி வருது" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "மூக்கு வந்துடுச்சி. உதட்டாண்ட அந்தச் சின்ன மேடு இருக்குதே, அதுவும் வந்துடுச்சி."

கண்ணைத் திறந்தேன். அந்த மேட்டைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சாம்பல் புள்ளிகளுக்குள் அதைக் கண்டுபிடிக்க எனக்கே பல நாள் ஆனது. நான் வீட்டில் இல்லாதபோது எத்தனை முறை பீரோவைத் திறந்திருப்பார் இந்த மனுஷன்! மறந்துவிட்டார் என்று இவரையா இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்தேன்!

"இன்னொண்ணு போடு" என்றார். போட்டேன். வந்த தாளைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

"இத நான் பர்ஸ்ல வெச்சிக்கட்டா?" என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "லேமினேஷன்லாம் பண்ண மாட்டேன்."

"மை காயட்டும், இருங்க" என்றேன்.

அவர் போய், வெயில் படாமல் இருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.