ஜெசிந்தா அக்கா தெரிந்தெடுத்த பற்றரிகள்

ஜெசிந்தா அக்காவின் தம்பி அல்பேட் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் முற்றத்தில் குந்தி நண்டு வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா நம்மள விட்டுப் போயிற்றா," என்றான். அழவில்லை. நானும் "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருந்த சிக்கை அவிழ்த்து முடித்த பிறகுதான் எழுந்தேன். வலையைப் பாதியில் போட்டுவிட்டு எழும்புவது ஜெசிந்தா அக்காவுக்கு அறவே பிடிக்காது. அவருடைய மரணச் செய்தி என்றாலும் ஏசித்தான் இருப்பார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு அச்சிடும் நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னார்கள். நூலகத்தில் வேலை செய்கிறவள், நாலு கதை எழுதியவள், விடுமுறை நாட்களில் அவருடைய தோணியில் பங்குக்குப் போனவள் என்பதால் என்னிடம் வந்தார்கள். சாந்தமானவர், பொறுமைசாலி, எல்லோரையும் அனுசரித்துப் போனவர் என்று எழுதும்படியும் சொல்லித் தந்தார்கள். அவரை அறிந்த நீங்களே சொல்லுங்கள், இது யாரைப் பற்றிய பேச்சு? கோயில் வாசலில் வைத்து அவரிடம் ஏச்சு வாங்காத ஒருவர் இந்தக் கரையில் இருந்தால் கை தூக்கட்டும். நான் நடந்ததை எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அந்த ஆற்றில் தோணி வைத்து, தனக்கென்று வலை வைத்து நண்டு பிடித்தவர் அவர். கலியாணம் கட்டவில்லை, அதற்குக் காரணம் கேட்டவர்களுக்கு நேரமில்லை என்று பதில் சொன்னார். ஐம்பது தாண்டியபின் இருதயம் பழுதென்று கண்டுபிடித்தார்கள். கம்பு ஊன்றக் கூடாது, எஞ்சின் கயிற்றை இழுக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆற்றுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னாரா என்று அக்கா என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அடுத்த சீட்டுக்காசு விழுந்ததும் கரண்ட் மோட்டார் ஒன்றை எடுப்பித்துத் தோணியின் பின்பக்கத்தில் பூட்டினார். ஊரே பெற்றோல் வரிசையில் நின்ற காலம் அது. நாங்கள் சத்தமில்லாமல் ஆற்றில் போய் வந்தோம். சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

முதலில் பூட்டிய இரண்டு பற்றரிகளும் சீக்கிரமே செத்துப்போயின. அதற்குக் காரணம் எங்கள் கரைப் பழக்கம்தான். இங்கே இரவில் இறால் பிடிக்கும் விளக்குக்குப் பழைய கார் பற்றரியைக் கொண்டுபோவார்கள். வெளிச்சம் சிவக்கும்வரை எரிப்பார்கள். சிவந்தபின்தான் சார்ஜ் போடுவார்கள். நாங்களும் மோட்டார் முனகி நிற்கும்வரை ஓட்டினோம். அந்தச் சாதிப் பற்றரியை அரைவாசிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு போய்விடும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

அவை சாகும் முன்னரே அக்காவுக்கு அவற்றின்மேல் கோபம் இருந்தது. காரணம் பாரம். களவுக்குப் பயந்து பற்றரிகளைத் தோணியில் விட முடியாது. காலையில் கரைக்குக் கொண்டுபோய், மதியம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தம்பி அல்பேட்தான் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துத் தூக்குவான். அல்பேட் நல்லவன். அக்காவின் மேல் உயிரையே வைத்திருந்தான். அதனால்தான், அக்காவின் முகம் கொஞ்சம் வெளிறித் தெரிந்தாலும், கால் கொஞ்சம் வீங்கியிருந்தாலும், இன்றைக்குப் போக வேண்டாம் என்பான். சண்டை பிடிக்க மாட்டான். பற்றரியைத் தூக்காமல் இருந்துவிடுவான், அவ்வளவுதான். அக்கா தோணிக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு நின்று ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். என்னால் அந்தப் பெட்டிகளை அசைக்கத்தான் முடியும். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "புள்ள, டாக்டர் என்னைத் தடுக்கல்ல. கடவுளும் தடுக்கல்ல. இந்தப் பெட்டிதான் தடுக்குது."

பழையவை முடிந்ததும் மூன்று பேருமாக மட்டக்களப்பு நகருக்குப் போனோம். கடைக்காரர் மூன்று விதம் காட்டினார். கார் பற்றரி ஒன்று. மலிவு, மோட்டாருக்குச் சரிவராது என்று அவரே சொன்னார். சோலாருக்குப் பாவிக்கும் ஈயப் பற்றரி இன்னொன்று. பழையதைப் போலவே பாரம். மூன்றாவது லித்தியம். பத்து வருடம் பாவிக்கலாம் என்றார். விலையைக் கேட்டதும் அல்பேட் ஈயப் பற்றரியின்மேல் கையை வைத்துவிட்டான்.

"இது ஒரு வரிசம் தாங்கினாப் போதும் அண்ணன். அக்காட நிலைமைக்கு எதுக்குப் பத்து வரிசப் பற்றரி?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. கடைக்காரர் கணக்குப்பொறியைத் துடைக்கத் தொடங்கினார். எனக்கு அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு எத்தின வரிசம் எண்டு பற்றரிக்குச் சொல்லாத அல்பேட். நான் நண்டு புடிக்க வாங்குறன். சாகிறதுக்கு வாங்கல்ல."

அல்பேட் முகம் கறுத்து வெளியே போய் ஓட்டோவில் குந்திவிட்டான். அக்கா லித்தியத்தில் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். அதன் வாரைப் பிடித்து ஒரு கையால் தூக்கினார். தூக்கியபடியே வாசலைத் தாண்டி, அடுத்த கடை வரைக்கும் நடந்தார். கடைக்காரர் பதறிப் பின்னால் வந்தார். "களவெடுத்துக்கொண்டு போகல்ல தம்பி. மூச்சு வாங்குதா எண்டு பாக்கிறன்," என்றார் அக்கா. மூச்சு வாங்கவில்லை. இரண்டு எடுத்தோம். தானே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் ஓட்டோவில் வைத்தார். அல்பேட் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பற்றரியும் எங்களுக்கு ஒரு பாடம் படிப்பித்தது. இரண்டையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டு, பழைய பழக்கத்தில் மோட்டார் முனகட்டும், திரும்புவோம் என்று இருந்தோம். லித்தியம் முனகாது. கடைசிவரை ஒரே வேகத்தில் ஓடிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். நட்டாற்றில் நின்றது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று முகத்தில் அடித்தது. எஞ்சின் தோணியில் வந்த பொடியன்கள் இழுத்துப்போகக் கயிறு போடவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார் அக்கா. எனக்குக் கயிறு வேண்டித்தான் இருந்தது, ஏனென்றால் கம்பு ஊன்ற வேண்டியவள் நான். அவர் இருந்த இடத்தில் இருந்து எனக்குக் கட்டளை போட்டார். காற்று விழும்வரை கரையோரக் கண்டல் மரத்தில் தோணியைக் கட்டி, பாண் தின்றோம். கரை சேர்ந்தபோது அல்பேட் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அக்கா பற்றரியைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டி நடந்து போனார். அதற்குப் பிறகு ஒரு ஒழுங்கு வைத்தோம். "போக ஒண்டு, வர ஒண்டு" என்பார். முதல் பற்றரி நின்றால் எந்த இடமானாலும் தோணி திரும்ப வேண்டும். வலை நிறைய நண்டு கிடந்தாலும் திரும்பினார்.

ஒரு வாடைக்காலமும் ஒரு கச்சான் காலமும் அப்படிப் போனோம். மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு நான் அமிர்தகழிக்குப் போன அன்றும் அவர் தனியே ஆற்றில் இறங்கியிருக்கிறார். பிறகுதான் ஆஸ்பத்திரி. கடைசியாக நான் பார்க்கப் போனபோது மூச்சுக்கு முகமூடி போட்டிருந்தார்கள். அதை விலக்கிக்கொண்டு, வலைக்குப் போனாயா என்று கேட்டார். போனேன் என்றேன்.

"பற்றரி ஆர் தூக்கின?"

"நான்தான் அக்கா."

"நல்லது," என்றார். முகமூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

செத்த வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. ஆற்றுக்குப் போகாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பார் என்றார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, ஊர்தான் சொன்னது. அந்தக் கொஞ்சக் காலத்தில் அவர் என்ன செய்திருப்பார் என்பதையும் ஊரே சொல்லட்டும். சாய்மனைக் கதிரையில் கிடந்து, யார் வந்து எதைத் தூக்கித் தருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் வந்தது. இன்னும் அது தீரவில்லை. அல்பேட் வேறு, பற்றரிக்கு இன்னும் எத்தனையோ வருடம் கிடக்கிறது, எல்லாம் வீண் என்று சொல்லி, சோலார் போட்ட ஒரு வீட்டுக்கு விற்கவும் பேசிவிட்டான். நான் அவனோடு கதைப்பதை நிறுத்தினேன்.

முந்தநாள் விடிய அவன் என் வீட்டுப் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரு கையில் ஒரு பற்றரி, மறுகையில் மற்றது. வாங்கிய நாளிலிருந்து அவன் அவற்றைத் தொட்டதே இல்லை. விற்கிற வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்திருக்கிறான். பாதி வழியில் இங்கே திரும்பிவிட்டான். கீழே வைக்காமல் நின்றான்.

"இவ்வளவுதானா பாரம்?" என்றான்.

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஓம் அல்பேட். அதுக்காகத்தான் அக்கா இத எடுத்தவ," என்றேன்.

அவன் படியில் குந்தி, அக்கா செத்ததற்குப் பிறகு முதல் தடவையாக அழுதான். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

சாந்தம், பொறுமை எல்லாம் வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெசிந்தா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பிடிவாதத்தை. பூசை முடிந்த மறுநாள் தோணி ஆற்றில் இறங்கும். அல்பேட் வருவதென்றால் தோணியில் இடம் இருக்கிறது. பற்றரியைத் தூக்கித் தருகிறேன் என்று மட்டும் அவன் வரக் கூடாது.