கடைசி வரியில் இருந்தது

செய்தித்தாளில் இருபது வருடம் கழித்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். முக்கியமானது முதல் பத்தியில் இருக்கும். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டலாம். என் மனைவியின் தம்பிக்குக் கடலூரில் எடுத்த சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டை நான் அப்படித்தான் படித்தேன்.

வீட்டில் எந்த ஆங்கிலக் காகிதமும் என்னிடம்தான் வரும். ஸ்கேன் சென்டர் வாசலிலேயே உறையைக் கிழித்தேன். முடிவின் முதல் வரி: கல்லீரலில் ரத்தக்குழாய்க் கட்டிகள், பெரும்பாலும் தீங்கற்ற வகை.

"ஒண்ணுமில்ல மச்சான். சாதாக் கட்டி. எத்தனையோ பேருக்கு இருக்கும், அவுங்களுக்கே தெரியாது."

"மாமா சொன்னா பேப்பர்ல வந்த மாதிரி."

மறுவாரம் திருவந்திபுரத்தில் மொட்டை போட்டுக்கொண்டான். ஸ்கேன் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. நான் போகச் சொல்லவுமில்லை.

ஏழு மாதத்தில் வயிறு உப்பியது, கண் மஞ்சளானது. சிதம்பரத்தில் மறுபடி ஸ்கேன். அங்கிருந்த பெண் டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் திரையில் அடுத்தடுத்து வைத்தார்.

"சாதாக் கட்டின்னா ஸ்கேனுக்கு ஊசியில போடுற மருந்து ஓரத்துல ஆரம்பிச்சு மெதுவா நடுவுக்கு நிரம்பும். இதுல பாருங்க, நடுவுலயும் திட்டுத்திட்டா ஏறியிருக்கு. இது ரத்தக்குழாய்ல வர்ற புற்று, ரொம்ப அபூர்வம். கடலூர்ல ரிப்போர்ட் எழுதினவங்களுக்கு அப்பவே சந்தேகம். உடனே எம்ஆர்ஐ எடுங்க, தேவைன்னா சதை எடுத்துப் பாருங்கன்னு கடைசி வரியில போட்டிருக்காங்களே. யாரும் படிக்கலையா?"

மச்சான் என் பக்கம் திரும்பவில்லை. "மாமா படிச்சாரு. அவரு பேப்பர்காரர்."

"அப்பவே வந்திருந்தா?" கேட்டது நான். கேட்டிருக்கக் கூடாது.

"அப்ப கல்லீரல்ல ஒரு பக்கம்தான் இருந்துச்சு. ஆபரேஷனுக்கு வழியிருக்கான்னு பாத்திருக்கலாம். இப்ப ரெண்டு பக்கமும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மொட்டைத் தலையில் முடி நன்றாக வளர்ந்து, சீவும் அளவுக்கு வந்திருந்தது. புது ரிப்போர்ட்டை என் மடியில் போட்டான்.

"படிங்க மாமா. இந்தத் தடவ கீழேருந்து."

படித்தேன். நுரையீரலின் அடியில் புள்ளிகள். மண்ணீரலிலும். வயிற்றில் நீர். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே மேலே போனேன். பாடம் கேட்பவன்போல 'ம்' போட்டுக்கொண்டே வந்தான். எல்லாவற்றுக்கும் மேலே அவன் பெயர், பக்கத்தில் வயது.

"நாப்பத்திரண்டு," என்றேன்.

"அதுவாவது சரியாப் போட்டிருக்காங்களா?" என்று எட்டிப் பார்த்தான்.