ஐந்து கோட்டு எழுத்து

இப்போதெல்லாம் ராஜபாளையத்தில் பஸ் கிளம்பியதுமே, முன்சீட்டின் முதுகில் ஆள்காட்டி விரலால் இவாஞ்சலின் எழுதத் தொடங்கிவிடுவாள். சாய்வாக ஒரு சின்னக் கோடு, குறுக்கே ஒன்று, நெடுக்காக ஒன்று, மறுபடி குறுக்கே இரண்டு. ஐந்தே கோடுகள்: 生. முடித்ததும் வைவாள். "ஏலே, ஒனக்கு எம்புட்டுப் பேருலே?" எழுத்தைத்தான் கேட்கிறாள். முன்சீட்டுக்காரர் தன்னையோ என்று திரும்பிப் பார்ப்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்து மாடியில் ஜப்பானிய வகுப்பு. ஜப்பானில் உள்ள முதியோர் இல்லங்களுக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிறார்கள். நானும் அவளும் ஒரே வகுப்பு. அந்த எழுத்துக்குப் பிறப்பு, வாழ்வு, வேகாத பச்சை என்று பல பொருள். சேரும் இடத்தைப் பொறுத்து உச்சரிப்பும் மாறும். மாணவன் என்ற சொல்லின் கடைசியில் வந்தால் 'செய்'. பிறந்தநாளில் வந்தால் 'ஜோ'. வேகாத பண்டத்துக்கு முன்னால் வந்தால் 'நமா'. ஆனால் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது 'செய்' மட்டும்தான்.

கோபம் அவளுக்குப் புதிதல்ல. ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டாக்டரின் கிறுக்கல் புரியாவிட்டால் ஊகித்து மருந்து கொடுக்க மாட்டாள். சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுவாள். மறுபடி அதே கிறுக்கல் வந்தால் மறுபடியும் திரும்பும். டியூட்டி டாக்டர்கள் முணுமுணுப்பார்கள். வீட்டில் அவள் படிக்க உட்கார்ந்தால் கணவர் கிறிஸ்டோ டி.வி. சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, வாயசைவைப் பார்த்தே செய்தி தெரிந்துகொள்வார். உப்பு டப்பா, புளி டப்பா எல்லாவற்றிலும் ஜப்பானிய எழுத்து ஒட்டியிருக்கும்.

எதற்கு இந்த வயதில் ஜப்பான் என்று ஒருமுறை கேட்டேன். "இங்க 'ஏம்மா, இங்க வா'ன்னு கைய நீட்டிக் கூப்புடுதாக. அங்க இந்த வேலைக்கும் ஒரு பரீட்ச வச்சு, ஒரு பேரு குடுக்காகளாம்" என்றாள்.

வேலைக்கான நேர்காணல் வீடியோவில் நடந்தது. முதியோர் இல்லத்தின் நிர்வாகி, நரைத்த தலையுடன் ஓர் அம்மாள், சாப்பாட்டுத் தட்டில் வைக்கும் அட்டை ஒன்றைக் காட்டி வாசிக்கச் சொன்னார். அதே ஐந்து கோட்டு எழுத்து, பின்னால் முட்டை என்ற சொல். இவாஞ்சலின் தயங்கவே இல்லை. 'செய்தமாகோ' என்றாள் கணீரென்று. 'நமாதமாகோ' என்றிருக்க வேண்டும், பச்சை முட்டை.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பச்சை முட்டை ஆகாத ஒரு பாட்டிக்கு அது கூடாது என்று அட்டையில் எழுதியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் பொறுமையாகக் கேட்டார். வேறு சொற்கள் வாய்த்த மற்றவர்கள் தேர்வானார்கள். அவள் பெயர் வரவில்லை.

அவள் அழவில்லை. நேராகத் தாமோதர் சாரிடம் போனாள். ஜப்பானில் கார் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். எங்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர்தான். மற்ற உச்சரிப்புகளை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பேட்ச் சீக்கிரம் முடிய வேண்டாமா என்றவர், பெரியவர்களைக் குளிப்பாட்டி விடுகிற வேலைதானே, உங்களுக்கு இது போதும் சிஸ்டர் என்று சிரித்தபடி சொன்னார்.

அவளுடைய கழுத்து நரம்பு புடைத்தது. குரல் மட்டும் தாழ்ந்தது.

"எது போதும்னு நீங்க யாரு சார் சொல்ல? நான் தப்பா வாசிச்சு அதக் குடுத்து, அந்த ஆச்சிக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, அப்ப நீங்களா வந்து பக்கத்துல நிப்பீங்க?"

சாரின் முகம் கறுத்தது. அடுத்த நேர்காணலுக்கு அவள் பெயர் போகாது என்று மறுநாள் தெரிந்தது. கல்பனா என்ற தோழி மூலமாக, ஒரு சாரி சொன்னால் போதும் என்று தூது வந்தது. "தப்பா வாசிச்சது நான். அதுக்கு அந்த ஜப்பான் அம்மாட்ட மன்னிப்புக் கேப்பேன். இவர்ட்ட எதுக்கு?" என்று சொல்லியனுப்பினாள்.

இனி வர மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்தாள். ஆஸ்பத்திரியில் டியூட்டி மாற்றி மாற்றிப் போட்டார்கள். தூக்கம் கெட்ட கண்களோடு வந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு மாறி, சாருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். அவர் அவளைத் தவிர மற்ற எல்லோரிடமும் கேள்வி கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை புது எழுத்து. 'கீழ்' என்று பொருள்; இதற்கும் உச்சரிப்புகள் பல. தாமோதர் சார் அதைப் போர்டில் எழுதினார். பக்கத்தில் 'ஷிதா' என்று ஒரே ஓர் உச்சரிப்பு. மார்க்கரை மூடி மேஜையில் வைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

இவாஞ்சலின் எழுந்து போனாள். மார்க்கரை எடுத்தாள். மூடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு, மார்க்கரை அவர் விரல்களுக்கு நடுவே சொருகிவிட்டு, நகராமல் அங்கேயே நின்றாள்.